மரக்காலில் தெரியும் தர்மம்

காவிரி பாயும் தஞ்சைச் சீமையில் அறுவடைக் கூலியைக் களத்திலேயே நெல்லாக அளப்பார்கள். மரக்கால் ஒன்றுதான். நிறைய அளக்கும் கையும் உண்டு, குறைய அளக்கும் கையும் உண்டு. குறைத்த நாலு பிடி நெல்லால் நிலக்காரர் செல்வம் பெருகிவிடாது. ஆனால் அறுத்தவர் வீட்டில் ஒரு பிள்ளையின் கஞ்சி குறைந்துவிடும்.

1952-இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் வளர்ந்த பகையால், 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகுதியும் பெண்கள், பிள்ளைகள். மறு ஆண்டு கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டம் அளவைச் சொல்லும். அளக்கிற மனதைத் தர்மம்தான் திருத்தும்.

திருவிதாங்கூரில் கூலியில்லா ஊழியத்தை எதிர்த்து நின்றவர் அய்யா வைகுண்டர். அவர் வழி வந்த அன்புக்கொடி மக்கள் ஒன்றை நினைக்க வேண்டும். பிறர் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அன்னதர்மம் செய்தால், அந்த அரிசி யாருடையது? கூலி கொடுப்பது தர்மம் செய்வது ஆகாது, அது கடன் தீர்ப்பது. கடன் தீர்ந்தபின் தன் பங்கிலிருந்து கொடுப்பதே தர்மம். கூலி வாங்குபவரும் பொழுதை ஏமாற்றாமல் உழைத்தால்தான் அவர் கடன் தீரும்.

இன்று கூலி ரூபாயாக மாறிவிட்டது. கடையிலோ வீட்டிலோ வேலை செய்தவரை, "நாளைக்கு வா" என்று அலையவிடுவதும் குறை மரக்கால்தான்.

பதியில் கண்ணாடி முன் நிற்கையில் தெரிவது அவரவர் முகமே. அதைக் கூசாமல் பார்க்க, அளந்த கை சுத்தமாக இருக்க வேண்டும்.

அய்யா உண்டு.