வீட்டுக் குறையை யாரிடம் சொல்வது?



எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

அன்பிற்குரிய சகோதரர்களே, திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் சகோதரிகளே!

இன்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசப் போவதில்லை. நம் வீட்டுக்குள் தினமும் நடப்பதைத்தான் பேசப் போகிறோம். ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது பிள்ளையின் ஒரு ஷூவைக் காணோம். குழம்பில் உப்பு கூடிவிட்டது. போன் பண்ணுகிறேன் என்று சொன்னவர் பண்ணவில்லை. மாமியார் ஒரு வார்த்தை சொன்னார், மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதில் எதுவும் பெரிய குற்றம் இல்லை. ஆனால் இவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து நெஞ்சு நிறைந்துவிட்டால், யாரிடமாவது கொட்டியாக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. எங்கே கொட்டுகிறோம் என்பதுதான் இன்றைய கேள்வி.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்று யோசிக்க வேண்டாம். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு ஜமாஅத் அலுவலகத்தில் இரண்டு குடும்பத்தார் வந்து உட்கார்ந்தார்கள். பதினான்கு பேர். நடுவில் ஒரு இளம் தம்பதி. விஷயம் தலாக் வரை வந்திருந்தது. ஆரம்பம் எது என்று விசாரித்தோம். ஓர் இரவு கணவர் தாமதமாக வந்திருக்கிறார். சோறு ஆறிப்போயிருந்தது. இவர் ஒரு வார்த்தை சொல்ல, அவள் இரண்டு சொல்ல, இவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அவள் அழுதுகொண்டே தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். மூன்று நிமிடம். அக்கா அதைத் தாய்க்குப் போட்டுக் காட்டினார். தாய் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். இவரோ டீக்கடையில் தன் நண்பரிடம் சொன்னார். அது இவருடைய அண்ணன் காதுக்குப் போனது.

ஃபஜ்ருக்கு எழுந்தபோது அவர்கள் இருவரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். அவரே டீ போட்டுக் கொடுத்தாராம். ஆனால் அதற்குள் இரண்டு குடும்பமும் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஹஜ்ரத், அன்னைக்கு ராத்திரி கோபத்துல சொன்னது. எனக்கே மறந்துபோச்சு. எங்க அம்மாவுக்கு மறக்கல."

சகோதரர்களே, இந்த வார்த்தையை மனதில் வையுங்கள். நீங்கள் சொல்லி முடித்ததும் உங்கள் நெஞ்சு லேசாகிவிடும். ஆனால் அந்தப் பாரம் எங்கும் போகவில்லை, கேட்டவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. உங்களுக்குள் சமாதானம் ஆனதை நீங்கள் போன் போட்டுச் சொல்வதில்லை. அதனால் அவருக்கு அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. துக்கப்படுவது ஈமானுக்கு எதிரானது அல்ல. யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைத்துக் கவலைப்பட்டு, அந்தத் துயரத்தில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போயின என்று அல்லாஹ் யூசுஃப் அத்தியாயத்தில் சொல்லிக்காட்டுகிறான். அவர்களைத் துன்பத்தில் தள்ளியது யார்? சொந்தப் பிள்ளைகள். வீட்டுக்குள் வந்த வேதனை அது. அந்தப் பிள்ளைகளே, இன்னும் யூசுஃபையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று பேசியபோது, தம் கவலையையும் துயரத்தையும் தாம் அல்லாஹ்விடமே முறையிடுவதாக அந்த நபி பதில் சொன்னார்கள். அது 86ஆம் வசனம். அவர்கள் முறையிடவே இல்லை என்று அல்லாஹ் சொல்லவில்லை. முறையிட வேண்டிய இடத்தில் முறையிட்டார்கள் என்றுதான் சொல்கிறான்.

ஆக, முதல் இடம் அல்லாஹ். அவனிடம் சொன்னது வெளியே போகாது. அவனிடம் அழகாகக் கோர்த்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஸஜ்தாவில் தலையை வைத்து, "யா அல்லாஹ், இன்று என்னால் முடியவில்லை" என்று தமிழிலேயே உங்கள் மனதுக்குள் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியாத மொழி இல்லை.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் வீட்டைப் பாருங்கள். நபியின் மகள், திருகையில் மாவு அரைத்து அரைத்துக் கை வலித்துப் போனது. தந்தையிடம் சில பணியாட்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஓர் ஆளைக் கேட்கப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். செய்தி கேட்டதும் நபியவர்கள் அன்று இரவே மகள் வீட்டுக்கு வந்தார்கள். மகளும் மருமகனும் படுத்துவிட்டிருந்தார்கள். எழ வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். பணியாளைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்லித்தருகிறேன் என்று, படுக்கைக்குப் போகும்போது 33 முறை தஸ்பீஹ், 33 முறை தஹ்மீத், 34 முறை தக்பீர் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அலுத்துப்போன மகளை "ஏன் புலம்புகிறாய்" என்று நபியவர்கள் கேட்கவில்லை. எழுந்து போய் அருகில் உட்கார்ந்தார்கள். தந்தைமார்களே, இது நமக்கும் பாடம்.

இரண்டாவது இடம், உங்கள் துணை. ஹிரா குகையிலிருந்து நடுங்கியபடி வந்த நபி (ஸல்) அவர்கள் முதலில் யாரிடம் போனார்கள்? கதீஜா (ரலி) அவர்களிடம். தம் அச்சத்தை ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த அம்மையார் பதறவில்லை, ஊரைக் கூட்டவில்லை. கணவரின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். பிறகு விவரம் தெரிந்த ஒரே ஒருவரிடம், வரக்கா பின் நவ்ஃபலிடம் அழைத்துப் போனார்கள். ஹுதைபிய்யாவில் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையச் சொல்லியும் தோழர்கள் எழவில்லை. நபியவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். அந்த அம்மையார் சொன்ன யோசனையால்தான் அன்றைய சிக்கல் தீர்ந்தது. வெளியில் பட்ட வேதனையை மனைவியிடம் சொல்வது ஆண்மைக்குக் குறைவு என்று நினைக்கும் சகோதரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் மனைவி சொல்ல வரும்போது நாம் என்ன செய்கிறோம்? போனைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறோம். வீட்டில் கேட்க ஆள் இல்லாததால்தான் அவள் வெளியில் ஆள் தேடுகிறாள். அந்த மூன்று நிமிடக் குரலைக் கணவர் கேட்டிருந்தால், பதினான்கு பேர் பள்ளிவாசலுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் வீட்டுக்குப் போன் செய்கிறான். உம்மா மருமகளைப் பற்றிச் சொல்கிறார். போன் கை மாறுகிறது. மனைவி மாமியாரைப் பற்றிச் சொல்கிறாள். அவனால் இங்கே எதையும் மாற்ற முடியாது. சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். தாய்மார்களே, சகோதரிகளே, தீர்க்க முடியாத தூரத்தில் இருப்பவனிடம் சொல்வதற்கு முன்னால், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் மகன் இஸ்மாயீலைப் பார்க்க மக்கா வந்த சம்பவம் புகாரியில் இருக்கிறது. மகன் வீட்டில் இல்லை. மருமகளிடம் நிலைமையைக் கேட்டார்கள். வந்திருப்பவர் யார் என்றுகூட அறியாத அந்தப் பெண், கஷ்டத்தில் கிடக்கிறோம் என்று குறைகளை அடுக்கினாள். நிலைப்படியை மாற்றச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இஸ்மாயீல் (அலை) அவர்கள் அதன் பொருளைப் புரிந்துகொண்டார்கள், அவளைப் பிரிந்தார்கள். பின்னர் ஒருமுறை வந்தபோது வேறொரு மருமகள் இருந்தாள். நன்றாக இருக்கிறோம் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். உணவு என்ன என்று கேட்டால் இறைச்சி, பானம் என்ன என்றால் தண்ணீர். அதே பாலைவனம், வேட்டையாடிக் கொண்டுவரும் அதே கணவர். இருப்பதைப் பார்த்த கண்தான் வேறு. குறை சொன்ன மனைவியைப் பிரியலாம் என்பதற்கு இதை யாரும் ஆதாரமாக எடுத்துவிடாதீர்கள். அறிமுகமில்லாதவர் முன்னால் வீட்டைத் திறந்து போடாதீர்கள் என்பதே நாம் எடுக்க வேண்டிய பாடம். இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கணவரைக் குத்தி ஒரு வரி போடுகிறோம், முந்நூறு பேர் பார்க்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது குர்ஆன். ஆடை மறைக்க வேண்டியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இதுவரை சொன்னது எரிச்சலைப் பற்றி. அநியாயத்தைப் பற்றி அல்ல. அடிப்பவனைப் பற்றி, செலவுக்குக் கொடுக்காதவனைப் பற்றி, நகையைப் பிடுங்குபவனைப் பற்றிச் சொன்னால் அது புறம் அல்ல. தீய சொல் உரக்கப் பேசப்படுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, ஆனால் அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனம் விதிவிலக்குத் தருகிறது. ஹின்த் (ரலி) அவர்கள், கணவர் அபூசுஃப்யான் போதுமான செலவு தருவதில்லை என்று நபியவர்களிடமே சொன்னார்கள். உனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று தீர்ப்புக் கிடைத்தது. கணவர் தம்மைத் தாயோடு ஒப்பிட்டு விலக்கிவைத்தபோது கவ்லா (ரலி) முறையிட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டதாக அல்லாஹ் சொல்வதோடுதான் அல்முஜாதலா அத்தியாயமே தொடங்குகிறது. கணவர்கள் அடிப்பதாகப் பல பெண்கள் நபியவர்களின் வீட்டாரிடம் வந்து முறையிட்டபோது, அப்படிப்பட்ட கணவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று ஆண்களைத்தான் கண்டித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. ஆகவே அடிபட்டு வரும் மகளிடம் "ஸப்ரு செய்" என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். தீர்த்துவைக்கக்கூடியவரிடம் அழைத்துப் போங்கள். இரு தரப்பிலும் நடுவர்களை வைக்கச் சொல்லும் குர்ஆன் அதற்கு வழி காட்டியிருக்கிறது.

கேட்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மகள் அழுதுகொண்டு போன் செய்தால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் ஏதாவது செய்யணுமாம்மா, இல்ல கேட்டா மட்டும் போதுமா?" கேட்டால் போதும் என்றால், கேட்டுவிட்டு உங்களோடு புதைத்துவிடுங்கள். அது அமானிதம். அடுத்த நாள் மருமகன் வந்தால், எப்போதும்போல் ஸலாம் சொல்லுங்கள்.

அந்தத் தம்பதி இன்று சேர்ந்துதான் வாழ்கிறார்கள், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் நான் அந்த ஊரைவிட்டு வரும்வரை இரண்டு சம்பந்தி வீட்டாரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. ஒரு தட்டு ஆறிப்போன சோற்றின் விலை அது.

(இரண்டாம் குத்பா)

சகோதர சகோதரிகளே, இந்த வாரத்துக்கு மூன்று காரியங்கள். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்படியும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும். நபியவர்கள் காட்டிய வழி இது. அந்த நேரத்தில் கையில் போனை எடுக்க வேண்டாம், ஒரு தொழுகை நேரம் கடக்கட்டும். இரண்டாவது, படுக்கும்முன் அந்த தஸ்பீஹை கணவனும் மனைவியும் ஓதுங்கள். மூன்றாவது, துணையைப் பற்றி ஏற்கெனவே யாரிடமாவது குறை சொல்லியிருந்தால், அதே ஆளிடம் அவருடைய ஒரு நல்ல குணத்தையும் சொல்லிவிடுங்கள். ஒரு குணம் பிடிக்காவிட்டாலும் இன்னொரு குணம் பிடிக்கும் என்றுதானே நபியவர்கள் நமக்குச் சொல்லித்தந்தார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் துணைகளையும் பிள்ளைகளையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. எங்கள் நாவால் எங்கள் வீடு உடைந்துவிடாமல் காப்பாயாக. வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாமல் தவிப்பவர்களின் முறையீட்டை நீயே கேட்டு, நீயே தீர்த்துவைப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.