பிசுக்கு

தலைவலிக்கு நெற்றியில் போடும் பத்து, 'பற்று' என்ற சொல்லின் பேச்சு வடிவம்தான். பசை பிடிப்பதற்கும் மனம் பிடிப்பதற்கும் தமிழில் ஒரே சொல். ஆகவே, பற்றுவைத்தால் பிசுக்கு மிஞ்சியே தீருமா என்ற துறவின் கேள்வியை ஒரு துணி டேப்பிடமும் கேட்கலாம். நாடக மேடையில் ஒயர்களைத் தரையோடு பிடித்துவைக்கும் டேப் அது. எத்தனை கால்கள் மிதித்தாலும் நகராது. ஆட்டம் முடிந்து உரித்தால் தரையில் பசை தங்காது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் கார் ஆலைகளில் வண்ணம் அடிக்கும்போது ஒட்டும் மாஸ்கிங் டேப்பிடமும் இதே குணத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். லேசாக ஒட்டுவதால்தான் சுத்தமாக வருகிறது என்று தோன்றும். அப்படியல்ல. டேப்பில் மூன்று பிணைப்புகள் உண்டு: பசைக்கும் தரைக்கும், பசைக்கும் பசைக்கும், பசைக்கும் துணிக்கும். உரிக்கும்போது இவற்றில் எது பலவீனமோ அது விடும். சூட்டில் பசை இளகித் தனக்குள்ளேயே அறுந்தால் பாதி துணியோடு போகும், பாதி தரையில் நிற்கும். அந்தப் பாதிதான் பிசுக்கு. தரையை இறுகப் பிடித்ததால் மட்டும் அது வருவதில்லை. தன்னையும் தன் துணியையும் அதைவிட இறுகப் பிடிக்காததால் வருகிறது.

அதே ஸ்ரீபெரும்புதூர்தான் 1017இல் இராமானுசர் பிறந்ததாகப் போற்றப்படும் ஊர். உயிரை இறைவனுக்கு உடலாகக் கண்டவர் அவர். அவர் உரை எழுதிய பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம், ஞானம் பெற்றவனுக்குப் பழைய பாவம் அழியும், பின்வருவது ஒட்டாது என்கிறது. அதற்கு ஆதாரமான உபநிடத உவமை தாமரை இலைத் தண்ணீர். பாவத்துக்கு அந்த உவமை போதும். அன்புக்குப் போதாது, இலையில் நீர் ஒருபோதும் ஒட்டியதே இல்லையே. வள்ளுவரும் துறவு அதிகாரத்தைப் பற்றே வேண்டாம் என்று முடிக்கவில்லை. பற்றற்றவனைப் பற்றிக்கொள், மற்றவை விடும் என்கிறார். துணியோடு உள்ள பிணைப்பு உறுதியானால் தரையை அஞ்சாமல் பிடிக்கலாம் என்றே இதை நான் படிக்கிறேன்.

அப்படியானால் இராமானுசர் ஏன் சுவடு விட்டுப்போனார் என்று கேட்கலாம். கர்நாடகத்தின் மேல்கோட்டையை விட்டு அவர் திருவரங்கம் புறப்பட்டபோது சீடர்கள் பிரிவு தாளாமல் கலங்க, தன் உருவச்சிலையான தமருகந்த திருமேனியை அவர்களுக்குத் தந்தார் என்பது மரபு. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தானுகந்த திருமேனி. இவை பிசுக்கு அல்ல. பிசுக்கு என்பது அறுந்து, இங்கும் சேராமல் அங்கும் சேராமல் கிடப்பது. இவை மனமறிந்து முழுதாகக் கொடுத்தவை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சுத்தமாக விலகுவது வலியவர்களின் வசதி அல்லவா? இந்த வட்டாரம் அதைக் கண்டிருக்கிறது. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், அவர்களில் இளம்பெண்கள் ஏராளம். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அப்படி விலகுவது பற்றறுத்தல் ஆகாது. பசை துளியும் தங்காமல், ஆனால் தரையின் வண்ணத்தைப் பெயர்த்துக்கொண்டு வருகிற டேப்பும் உண்டு. டேப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது குறையற்றதாகவே தெரியும். துறவைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் விடுகிறவனின் மனத்தையே ஆராய்கின்றன. விடப்பட்டவரை விசாரிப்பது குறைவு. மேல்கோட்டைக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது, புறப்படும் முன் இராமானுசர் விடப்படுகிறவர்களின் கலக்கத்தைக் கவனித்தார் என்பதுதான்.