புகையற்ற ஊர்தி யாருக்காக?

அரசு ஓர் ஊர்தியை வாங்கும்போது அதை உண்மையில் வாங்குபவர் யார்? கோப்பில் கையொப்பமிடுபவர் அதிகாரி. அதில் ஏறிச் செல்பவரும் பெரும்பாலும் அதிகாரியே. ஆனால் விலை கொடுப்பவரோ, செருப்பு முதல் சவர்க்காரம் வரை வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி செலுத்தும் எளிய மனிதர். பிறர் பணத்தில் வாங்கி, பிறர் நலனுக்காகப் பயன்படுத்த வேண்டிய ஒரு பொருளைப் பற்றிய முடிவைக் கணக்கரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிட முடியாது. அது மனச்சான்றுக்கும் உரிய முடிவாகும். அரசு ஊர்திகளை மின்சார ஊர்திகளாக மாற்ற வேண்டும் என்ற குரல் உலகெங்கும் ஓங்கி ஒலிக்கும் இந்நாளில், பொதுநிலையினராகிய நாம் இதனைச் சற்று அமைதியாக எண்ணிப் பார்ப்பது நலம்.

நம் உள்ளத்துக்கு நெருக்கமான ஒரு சிறிய அரசே இதில் முன்னே நடக்கிறது. வத்திக்கான் நகர அரசு தன் ஊர்திகள் அனைத்தையும் 2030ஆம் ஆண்டுக்குள் மின்சார ஊர்திகளாக மாற்றுவதென்று 2023 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிசு, மக்களைச் சந்திக்கச் செல்லும் தம் திறந்த வண்டியையும் மின்சார வண்டியாகவே பெற்றுக்கொண்டார். அந்த ஊர்தித் திட்டம் அடங்கிய பெருந்திட்டத்தின் பெயர் 'சூழலியல் மனமாற்றம் 2030' என்பதாகும்.

அப்பெயர் நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. வண்டியை மாற்றுவது எப்படி மனமாற்றம் ஆகும்? மனமாற்றம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்களுள் ஒருவர் சக்கேயு. அவரும் பொதுமக்கள் பணத்தோடு தொடர்புடையவரே; வரிதண்டுவோருக்குத் தலைவர். அவருடைய மனமாற்றம் அவர் மரத்திலிருந்து இறங்கி வந்ததோடு முடிந்துவிடவில்லை. அவர் உடைமையில் பாதி ஏழைகளைச் சென்று சேர்ந்தது. ஏமாற்றிப் பெற்றதோ நான்கு மடங்காய் உரியவரிடம் திரும்பியது. மாற்றம் உண்மையானதா என்பதைக் காட்டியது, அதன் பயன் யாருடைய வீட்டு வாசலை எட்டியது என்பதே. அரசு ஊர்திகளின் மாற்றத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டே அளக்கலாம் எனத் தோன்றுகிறது.

முதலில் துணிபவர் யார்?

இம்மாற்றம் தேவையா என்று கேட்போர் உண்டு. மின்சார ஊர்தியின் விலை மிகுதி; ஏழை நாட்டு அரசுக்கு இது ஆடம்பரம் என்பது அவர்கள் வாதம். இதற்கு அண்மைய அனுபவம் ஒன்று விடை தருகிறது. மைய அரசின் மின்துறையைச் சார்ந்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் எல்.ஈ.டி. விளக்குகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியபோது, 2014இல் ஒரு விளக்கின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2016இல் அது 40 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. இன்று குடிசையிலும் அவ்விளக்கு எரிகிறது. புதிய பொருளின் தொடக்க விலையையும், அது பயன்படாது போகும் இடரையும் ஏழையால் தாங்க இயலாது. தாங்க வல்லவர் முதலில் தாங்கிக்கொண்டால், பின்னால் வருவோருக்கு வழி எளிதாகிறது. வலியவர் மெலியவரின் சுமையைத் தாங்குவது கிறிஸ்தவ அறமன்றோ?

அதே நிறுவனம் 2017இல் அரசுத் துறைகளுக்கென 10,000 மின்சாரக் கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. டாட்டா, மகிந்திரா நிறுவனங்கள் கார்களை வழங்க முன்வந்தன. எனினும் பணி எண்ணிய வேகத்தில் நடக்கவில்லை. மின்னேற்றும் நிலையங்கள் போதவில்லை. ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தொலைவு ஓடும் என்ற ஐயமும் அதிகாரிகளிடம் இருந்தது. விளக்கு வெற்றி பெற்றதையும் கார் தயங்கியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். விளக்கு மக்களின் கைக்குச் சென்றது. காரோ அலுவலகத்தின் முற்றத்தில் நின்றது.

பின்னர் வந்த திட்டங்களில் இப்பாடம் ஓரளவு தெரிகிறது. 2024இல் மைய அரசு 10,900 கோடி ரூபாயில் அறிவித்த பி.எம். ஈ-டிரைவ் திட்டத்தில் கார்களுக்கு மானியம் இல்லை. 14,028 மின்பேருந்துகளுக்கென 4,391 கோடி ரூபாயும், நோயாளர் ஊர்திகளுக்கென 500 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. நம் மாநிலத்தில் 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் புறப்பட்டன. அவை தாழ்தளப் பேருந்துகள். முழங்கால் வலியோடு ஏறும் மூதாட்டியும் சக்கர நாற்காலியில் வருபவரும் அவற்றில் ஏற முடிகிறது. புகை குறைந்ததோடு படியின் உயரமும் குறைந்தது!

புகை எங்கே செல்கிறது?

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். அதைக் காண ஏற்ற இடம் நம் சேர்வராயன் மலை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டு டன் எடையுள்ள ஓர் ஊர்தி 1,200 மீட்டர் மேலே ஏற, அந்த உயரத்துக்கு மட்டுமே ஏறத்தாழ ஆறரை யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சார ஊர்திக்கு ஒரு சிறப்பு உண்டு. இறங்கும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஏறுகையில் செலவிட்டதில் ஒரு பகுதியை மின்கலத்துக்கு மீட்டுத் தருகிறது. டீசல் வண்டியோ அவ்வாற்றலை வெறும் சூடாக வீணாக்கிவிடும். மலைப்பாதைக்கு இது பெரும் நன்மையே.

ஆனால் அந்த ஆறரை யூனிட் எங்கிருந்து வருகிறது? காற்றாலை மின்சாரத்தில் தமிழகம் முன்னணியில் நிற்பது உண்மை. ஆயினும் நாட்டின் மொத்த மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. நம் மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையம் 1,440 மெகாவாட் திறன் கொண்டது. கொட்டச்சேட்டுக்கு ஏறிவரும் மின்சார ஜீப்பின் பின்னால் புகை இராது. அந்தப் புகையில் ஒரு பங்கு மேட்டூரில் எழும்; சாம்பலும் அங்கேயே குவியும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தாலும் மின்சார ஊர்தியால் விளையும் கேடு குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. காற்றும் கதிரவனும் தரும் மின்சாரம் பெருகப் பெருக அது மேலும் குறையும். என்றாலும், 'என் கண்ணுக்குப் புகை தெரியவில்லை' என்பதும் 'புகை இல்லை' என்பதும் ஒன்றல்ல. மேட்டூரில் மூச்சுவிடுபவரும் நம் அயலார்தாம்.

இந்த மலைக்கு இது புதிய பாடமும் அன்று. மேட்டூரில் 1965இல் தொடங்கிய அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டப்பட்டது. கனிமம் கீழே இறங்கிற்று. குழி மேலேயே இருந்தது. 2008இல் அலுமினிய உற்பத்தி நின்றது. அந்த உலோகத்தால் வளம் பெற்ற ஊர்கள் வேறு; மண்ணை இழந்த மலை வேறு. இன்று மின்சார ஊர்தியின் உடலுக்கும் மின்கலப் பெட்டிக்கும் அலுமினியம் மிகுதியாக வேண்டும். சிலவகை மின்கலங்களுக்குக் கோபால்ட் வேண்டும். உலகக் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் மண் அகழ்கின்றனர் என்பதை மனித உரிமை அமைப்புகள் வெளிப்படுத்தியுள்ளன. நம் மலையின் குழியை அறிந்த நாம் காங்கோவின் குழியை அறியாதவர்போல் இருக்கலாமா?

இதற்கு வழியே இல்லாமல் இல்லை. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மின்கலங்களில் கோபால்ட் கிடையாது. எவ்வகை மின்கலம் வேண்டும், பயன்முடிந்த மின்கலத்தை யார் திரும்பப் பெற வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுத அரசால் முடியும். பழைய மின்கலங்களுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகள் 2022இல் வெளிவந்துள்ளன. அலுவலக மொழியில் எழுதப்படும் அந்த ஒரு வரி, முகமறியாத ஒரு சிறுவனின் வாழ்வைத் தொடும்.

உழைப்பாளரையும் மறத்தலாகாது. மின்மோட்டாரில் அசையும் உறுப்புகள் குறைவு. டீசல் எந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயை அறியும் பணிமனைத் தொழிலாளிக்குப் புதிய பயிற்சி தேவை. சென்னை மின்பேருந்துகளைத் தனியார் நிறுவனம் ஒப்பந்த முறையில் இயக்குகிறது. கிலோமீட்டர் கணக்கில் அதற்குப் பணம் வழங்கப்படுகிறது. அம்முறையில் ஓட்டுநரின் ஊதியமும் ஓய்வும் காக்கப்படுகின்றனவா என்று கேட்பது, 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளருக்காக எழுப்பிய குரலின் தொடர்ச்சியே ஆகும்.

வரிசை முறை

ஆகவே, 'மின்சார ஊர்தி வேண்டுமா?' என்ற வினாவுக்கு 'வேண்டும்' என்றே விடை கூறலாம். அதனினும் கடினமான வினா, எந்த வரிசையில் என்பது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டுகளைக் கடந்த அரசு ஊர்திகள் ஓடக்கூடாது என விதி வந்துள்ளது. பழையவை கழியும் இடத்தில் புதியவை வரத்தான் வேண்டும். அவ்விடத்தை நிரப்பும்போது பேருந்தும் நோயாளர் ஊர்தியும் முதலில் வரட்டும். அலுவலர் கார் அவற்றின் பின்னே வரட்டும். அதற்கும் முன்னதாக, எத்தனை கார்கள் தேவை என்பதையே கேட்கலாம். தேவையற்ற பத்துப் பயணங்களைப் புகையின்றிச் செய்வதைவிட, அவற்றைச் செய்யாமல் விடுவதே சிக்கனமும் எளிமையும் ஆகும். 'இறைவா உமக்கே புகழ்' என்ற 2015ஆம் ஆண்டுத் திருமடல் நம்மை அழைப்பது இத்தகைய எளிமைக்கே. ஒரு சிக்கலுக்கு ஒரு கருவியைத் தீர்வாகக் கண்டு மனநிறைவடைந்துவிடக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது.

2024 டிசம்பரில் ஃபெங்கல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, பாதை என்பது மலைவாழ் மக்களுக்கு எத்தகைய உயிர்நாடி என்பதை நாம் கண்டோம். காப்பித் தோட்டத்துத் தொழிலாளியும் மலையாளிப் பழங்குடித் தாயும் அப்பாதையை நம்பியே மருத்துவமனைக்கும் சந்தைக்கும் இறங்குகின்றனர். குப்பனூர் வழியாகக் கொட்டச்சேட்டுக்கு வரும் முதல் மின்சார அரசு ஊர்தி அவர்களைச் சுமந்து வருமாயின், அதனை மனமாற்றம் என்று அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை.