உலக வரலாறு உன் வாசலில் கிடக்கிறது

"கோச்சிங் சென்டர் எல்லாம் சென்னையில. நான் கோத்தகிரி எஸ்டேட் லைன் வீட்டுல. உலக வரலாறு எனக்கு எங்கே வரப்போகுது?" இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடு, தம்பி! நீயும்தான், தங்கச்சி!

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் பொது அறிவு முதல் தாளுக்கு 250 மதிப்பெண். அதில் வரும் உலக வரலாறு 18-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது: தொழிற்புரட்சி, உலகப் போர்கள், காலனியாதிக்கம், காலனிகளின் விடுதலை, மாறிப்போன தேச எல்லைகள். இதில் எது நீலகிரிக்கு ஏறி வரவில்லை, சொல்!

1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வெள்ளையர்கள் சின்கோனா வளர்த்தார்கள். ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த மரம் அது. அதன் பட்டையில்தான் குயினைன் இருக்கிறது. மலேரியாவுக்கு அஞ்சிக் கரையோரம் நின்ற ஐரோப்பியன் ஆப்பிரிக்காவுக்குள் துணிந்து நுழைந்ததில் அந்தக் கசப்பு மருந்துக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் 1884-85-இல் பெர்லினில் உட்கார்ந்து அந்தக் கண்டத்தைப் பங்குபோட விதி வகுத்தார்கள். இங்கே அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலையும் அதே பேரரசு தன் துப்பாக்கிகளுக்காகக் கட்டியதுதான்.

உன் பாட்டியிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறாயா? 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாய் அங்கே தேயிலைக் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைத் தாண்டி மலையேறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் இன்றைய டேன்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். காலனி விடுதலைக்குப் பிந்திய உலகத்தின் ரணம் இதுதான். அதைச் சுமந்து வந்தவர்கள் உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறார்கள்.

அதற்காகப் புத்தகத்தை மூடிவிடாதே. முதல் உலகப் போரின் காரணம் கேட்டால் அருவங்காட்டை எழுதி மதிப்பெண் வாங்க முடியாது. சரயேவோ படுகொலையையும் கூட்டணி அரசியலையும் படித்தே தீரவேண்டும். நம் அரசின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன, தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். ஆண்டை மட்டும் உருப்போடாதே, ஏன் நடந்தது என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேள். பிறகு எழுது. படித்துக்கொண்டே இருந்துவிட்டு எழுதிப் பார்க்காதவர்கள்தான் தேர்வு அறையில் திணறுகிறார்கள். 3 மணி நேரத்தில் 20 கேள்விகள்: 10 மதிப்பெண்ணுக்கு 150 சொல், 15 மதிப்பெண்ணுக்கு 250 சொல். கை பழகாமல் இது நடக்காது!

இன்று இரவே தொடங்கு. கேள்வியை நான் தருகிறேன்: 'காலனிகள் விடுதலை அடைந்தபோது, புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் குடியுரிமை இழந்தது ஏன்? விவாதிக்க.' 250 சொல், 11 நிமிடம். பேனாவை எடு!