தவறாய்ப் படித்தோம், தவறாய்ப் போதிக்கலாமா?



பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் நம்மில் அநேகருக்கு இருதயம் இளகிவிடும். சிலேட்டும் குச்சியும், சாரின் பிரம்பு, மத்தியான மணி, புளியமரத்தடி விளையாட்டு! "அந்தக் காலத்துப் படிப்பு மாதிரி வருமா?" என்று பெருமையாய்ச் சொல்லிக்கொள்கிறோம். நானும் சொன்னவன்தான். ஆனால் இன்று உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். அந்நாட்களில் நாம் மனப்பாடம் செய்ததெல்லாம் மெய்தானா? மெய்யல்ல என்று பின்னால் தெரிய வந்தபோது நாம் செய்தது என்ன?

நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராய் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே பிறரைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. என் குற்றத்தை அறிக்கையிடவே எழுதுகிறேன்.

வேப்பங்கொழுந்து சொன்ன சாட்சி

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் சார் கரும்பலகையில் பெரிய நாக்கு ஒன்றை வரைந்தார். நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று எழுதிக் காட்டினார். அப்படியே நோட்டில் வரைந்துகொண்டோம். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. வேப்பங்கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி நுனிநாக்கில் வைத்தேன். கசந்தது! நன்றாகவே கசந்தது!

மறுநாள் எழுந்து நின்று, "சார், நுனியிலயும் கசக்குது சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. சார் கோபிக்கவில்லை. "கசந்தா கசந்துட்டுப் போகுது. பரீட்சையில புத்தகத்துல இருக்கறத எழுது. அப்பதான் மார்க்கு" என்றார். எழுதினேன். மார்க்கும் வந்தது.

அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியவந்தது எத்தனையோ வருஷம் கழித்து. 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் நாக்கைச் சோதித்தார். இடத்துக்கு இடம் சுவை உணருவதில் சிறிதளவு வித்தியாசம் இருக்கிறது என்பதே அவர் கண்டது. 1942-ல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் அந்தக் கணக்கைத் தம் நூலில் கோட்டுப் படமாக்கினார். படத்தில் அந்தச் சிறிய வித்தியாசம் பெரிதாய்த் தெரிந்தது. பார்த்தவர்கள், ஒவ்வொரு சுவைக்கும் தனித்தனி இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1974-ல் வர்ஜீனியா காலிங்ஸ் என்ற அம்மையார் மறுபடி சோதித்து, வித்தியாசம் மிக அற்பமானது, எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும் என்று காட்டினார். அதற்குப் பிறகும் அந்தப் படம் பாடப்புத்தகங்களை விட்டுப் போகவில்லை.

யோசித்துப் பாருங்கள்! அதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் ஒரு வேப்பங்கொழுந்தும் போதும். நாக்கு ஒவ்வொருவர் வாயிலும் இருந்தது. ஆனாலும் நம் நாக்கை நம்பாமல் புத்தகத்தை நம்பினோம். ஏன்? மார்க் புத்தகத்தில் இருந்தது!

தவறுகள் எல்லாம் ஒன்றல்ல

பள்ளியில் படித்த தவறான பாடங்களை மூன்று வகையாய்ப் பிரிக்கலாம்.

முதலாவது, அறிவு வளர்ந்ததால் பழையதாய்ப் போனவை. சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று படித்தோம். 1930-ல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோவை, 2006 ஆகஸ்டு மாதம் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் சங்கம் குறுங்கோள் என்று வகை மாற்றியது. இப்போது எட்டுதான். ஒன்பது என்று சொல்லிக் கொடுத்தவர் பொய்யரா? இல்லை. அன்றைக்குத் தெரிந்ததை அவர் உண்மையாய்ச் சொன்னார்.

இரண்டாவது, ஆரம்பத்திலிருந்தே பிசகானவை. ஒருவர் தவறாய்ப் படிக்க, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, பரம்பரை பரம்பரையாய் வந்தவை. நாக்குப் படம் இந்த வகை. இதில் கொஞ்சம் சோம்பலும் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தால் யாருடைய உயிரும் போகவில்லை.

மூன்றாவது வகைதான் பயங்கரம். அது ஆளையே கெடுக்கும். அதைத்தான் நான் என் வாயால் போதித்தேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் செஞ்சேன்"

1983-ல் நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். முதலுதவிப் பாடம் வந்தது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று பாடம். நான் ஒரு பையனை முன்னால் நிறுத்தி, அவன் காலில் கயிற்றைக் கட்டியே காண்பித்தேன். "இறுக்கமா இருக்கணும், தெரியுதா?" என்று இரண்டு தரம் சொன்னேன். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். நல்ல வாத்தியார் என்று எனக்குள் ஒரு திருப்தி!

சில மாதம் கழித்து, அந்த வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் தகப்பனார் விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வீட்டார் அழுது புலம்பினார்கள். அந்தப் பிள்ளை அழவில்லை. கயிறு எடுத்து வந்தாள். பாடத்தில் சொன்னபடியே முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். பிளேடால் கீறினாள். மாட்டு வண்டி, பிறகு பஸ் என்று ஆஸ்பத்திரி போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தது. கால் பிழைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் வருத்தத்தோடு, "யாருங்க இப்படிக் கட்டச் சொன்னது?" என்று கேட்டார். அவர் விளக்கியது இன்றும் என் காதில் இருக்கிறது. விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையை அழிக்கும். இறுக்கிக் கட்டினால் விஷம் ஓரிடத்தில் தேங்கும், ரத்த ஓட்டமும் நின்றுபோகும், சதை இரட்டிப்பாய் அழுகும். அந்த விஷம் ரத்தத்தை உறையவிடாது. கீறினால் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். "யார் சொன்னது?" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தாள். இடைவேளையில் என்னிடம் வந்து, "சார், நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். எதுல சார் தப்பு பண்ணிட்டேன்?" என்று கேட்டாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. தன் தவறு எது என்று தெரிந்துகொள்ள வந்தாள். அந்த நிமிஷம் எனக்கு உண்மை தெரியும். டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அதிகமா இறுக்கிட்டே போலம்மா" என்றேன்.

அருமையானவர்களே, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் என் பாரத்தைத் தூக்கி வைத்தேன்!

எது குற்றம்?

இதைப்பற்றி நான் பல இரவு யோசித்திருக்கிறேன். பாடம் நடத்திய அன்று நான் செய்தது குற்றமா? புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். எனக்கு வேறு தெரியாது. அறியாமல் செய்ததைக் குற்றம் என்பதைவிடத் துயரம் என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் சொன்ன பிறகு நான் அறியாதவன் அல்ல. அதற்குமேல் பேசியது பொய். பேசாமல் இருந்ததும் பொய்!

அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷமும் அதே பாடம் வந்தது. "பாம்புக்கடிக்கு முதலுதவி யாது?" ஐந்து மார்க் கேள்வி. நான் மாற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்கு மார்க் போய்விடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, பழையபடியே நடத்தினேன். கயிற்றை மட்டும் கட்டிக் காட்டவில்லை. என் மனச்சாட்சிக்கு நான் கொடுத்த லஞ்சம் அவ்வளவுதான். வேப்பங்கொழுந்து கசந்தபோது என் சார் சொன்ன அதே வார்த்தை, இப்போது என் வாயில்!

தவறான பாடம் இத்தனை காலம் எப்படி நிற்கிறது? அது சில வேளை பலித்ததுபோல் தோன்றுவதால்தான். நம் ஊரில் கடிக்கிற பாம்புகளில் அநேகம் விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில தடவை விஷம் இறக்காமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர் எப்படியும் பிழைப்பார். ஆனால் பெயர் கயிற்றுக்குப் போகும், வேருக்குப் போகும், மந்திரத்துக்குப் போகும். கெட்டுப்போன காலை யாரும் கயிற்றின் கணக்கில் எழுதமாட்டார்கள். "பாம்புக்கடி, என்ன செய்ய?" என்று சொல்லிவிடுவார்கள்.

இது சின்ன விஷயமல்ல. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். ஆனால் விஷமுறிவு மருந்தோ 1890-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. நம் மாநிலத்திலேயே, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அந்த எளிய மக்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. நான் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்த 1983-லும் அந்தச் சங்கம் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் தேடவும் இல்லை.

ஆகவே இந்தப் பாடத்தை இப்போது திருத்தி எழுதுகிறேன். கவனமாய் வாசியுங்கள். பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கை காலை அசையாதபடி ஒரு பலகையோடு தளர்வாய்ச் சேர்த்து வையுங்கள். அவரை நடக்கவிடாதீர்கள். பாம்பைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். 108-க்குப் போன் பண்ணுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெபிக்கிறவர்கள் வண்டியில் போய்க்கொண்டே ஜெபிக்கலாம்! கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் இருக்கும். ராத்திரி தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்று வலி வந்து, கண் இமை தொங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நாற்பது வருஷம் கழித்து

ஓய்வு பெற்றபின்னும் அந்தப் பிள்ளையின் கேள்வி என்னை விடவில்லை. சென்ற வருஷம் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். இப்போது அவள் பேரப்பிள்ளை எடுத்தவள். தகப்பனார் காலமாகிவிட்டார். என்னைப் பார்த்ததும், "சார்! வாங்க சார்!" என்று நாற்காலி போட்டு, காபி கொண்டு வந்தாள். நான் காபியைத் தொடவில்லை. "அம்மா, நீ அன்னைக்கு எந்தத் தப்பும் பண்ணல. தப்பு நான் சொல்லிக்கொடுத்ததுல இருந்தது. எனக்கு அப்பவே தெரியும். உங்கிட்ட மறைச்சிட்டேன்" என்றேன்.

வெகுநேரம் அவள் பேசவில்லை. பிறகு மெதுவாய்ச் சொன்னாள்: "அத அப்பவே சொல்லியிருக்கலாமே சார். எங்கப்பா சாகற வரைக்கும் அவர் கால நான்தான் எடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புறப்படும்போது, "காபி ஆறிடுச்சு, வேற போட்டுத் தரட்டுமா சார்?" என்றாள். அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நமக்கு என்ன?

பிரியமானவர்களே, நமக்குத் தவறாய்ச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களைத் தூஷிக்க வேண்டாம். அவர்கள் தவறினார்கள் என்று நாம் வாசித்துத் தெரிந்துகொள்கிறோமே, அந்த வாசிப்பையும் கற்றுத் தந்தவர்கள் அவர்களே. ஆனால் அவர்களை மதிக்கிறோம் என்று சொல்லி அவர்கள் தவறையும் சுமந்து திரிய வேண்டியதில்லை.

நாமும் ஏதோ ஒரு விதத்தில் ஆசிரியர்கள்தான். வீட்டில், வேலையிடத்தில், ஓய்வுநாள் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை நம் வார்த்தையை அப்படியே நம்புகிறது. அந்தப் பிள்ளை, "நுனியிலயும் கசக்குது" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். "எங்கே, நானும் வச்சுப் பாக்கறேன்" என்று சொல்லுங்கள். தவறு தெரிய வந்தால், எவ்வளவு சத்தமாய்ப் போதித்தோமோ அவ்வளவு சத்தமாய்த் திருத்துவோம். நாம் சொன்னதை யார் நம்பினார்களோ அவர்கள் வீட்டுக்கே போய்த் திருத்துவோம்.

நீங்கள் போகவேண்டிய வீடு எது? நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே புறப்படுங்கள்!