உடம்பே ஆண்டெனா

உபன்யாசம் கேட்டுவிட்டு வந்தாலே என் அத்திம்பேருக்கு உடம்பின் மேல் கோபம் வந்துவிடும். "கூண்டுடா இது. இதை வைத்துக்கொண்டு அவனை எப்படி எட்டுவது?" என்பார். விமானப் பராமரிப்பில், ரேடியோப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். எனக்கு அது ஹெச்.எஃப். ஆண்டெனாவின் கேள்வியாகத்தான் காதில் விழும்.

நடுக்கடலுக்கு மேல் விமானத்தின் வி.ஹெச்.எஃப். ரேடியோ எடுபடாது, கிட்டத்தட்ட கண்ணுக்கெட்டிய தூரம்தான் அதற்கு. ஹெச்.எஃப். அலையோ அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் 3 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 100 மீட்டர். கால் பங்கு என்றாலும் 25 மீட்டர் கம்பி வேண்டும். போயிங் 737-800இன் மொத்த நீளமே 39.5 மீட்டர்தான். அந்தக் காலத்தில் கம்பியைப் பின்னால் தொங்கவிட்டுப் பறந்தார்கள். ஜெட் வேகத்துக்கு அது ஆகுமா?

பின்னால் வந்தவர்கள் செங்குத்து வாலின் முன்விளிம்பில் ஒரு பிளவு வைத்து, ஃபைபர்கிளாஸால் மூடினார்கள். மூடியைக் கழற்றினால் பிரமாதமாக எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பிளவைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் வால், உடற்பகுதி, இறக்கை என்று பரவி, விமானம் முழுவதுமே அலை வீசுகிறது. அலைவரிசைக்கு ஏற்ப இசைவிப்பது பக்கத்தில் உள்ள கப்ளர் பெட்டி. விமானி புது அலைவரிசை வைத்து மைக் பட்டனை அழுத்தினால் காதில் 'கீ' என்று ஒரே ஸ்வரம் கேட்கும். அது நின்ற பிறகுதான் பேசலாம்.

இனி அத்திம்பேரின் கூண்டுக்கு வருவோம். ஒரு சேதனன், அதாவது உணர்வுள்ள ஆத்மா, தாங்குவது, இயக்குவது, அவனுக்கென்றே இருப்பது: உடம்புக்கு ராமானுஜர் சொன்ன இலக்கணம் இது. உலகமே பகவானுக்கு அப்படி உடம்பு என்றார். அத்திம்பேர் நாளெல்லாம் சொல்வது அவர் பெயரை; பேசுவது மட்டும் கூண்டுக் கணக்கு! கர்மத்தால் வந்த உடம்பைக் கடைசியில் விட வேண்டும் என்று ராமானுஜரும் சொல்வார், மறுக்கவில்லை. விமானம் சேதனனும் அல்ல. ஒப்புமை அந்த மட்டும்தான். ஆனால் உடம்பு என்பதே இழுக்கு என்றால், பகவானுக்கு ஏன் உடம்பு?

ஆண்டெனா சிறுத்ததற்கு விலை உண்டு. 1948இல் சூ என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: அலைநீளத்தோடு ஒப்பிட மிகச் சிறிய ஆண்டெனாவை இன்னும் பாதியாக்கினால், அலைவரிசைப் பட்டை சுமார் எட்டில் ஒன்றாகக் குறுகும். வேண்டுமென்றே இழப்பைச் சேர்த்துப் பட்டையை அகட்டலாம்; சக்தி வெப்பமாகி வீணாகும். எல்லாம் ஒரே நேரத்தில் தனக்குப் புலப்படுகிறது என்று சொல்லும் சாமியார்கள் மேல் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

ஆகவே அத்திம்பேரே, எட்டலாம் என்பதே என் கட்சி. கூண்டைத் திட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் ஒரு அலைவரிசைக்கு இசைவியுங்கள்.