துருப்பிடித்த பூட்டு

காலையில் கொல்லைக் கதவின் பூட்டு திறக்க மறுத்தது. சாவியை அழுத்தித் திருகத் திருக அதன் ஓரம் ஆள்காட்டி விரலில் பதிந்தது. ஓர் அளவுக்கு மேல் வலித்தது, கை தளர்ந்தது. நான் சொல்லித் தளரவில்லை.

தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் ஒரு நாள் இப்படித் துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டினார். முடியவில்லை. பக்கத்தில் நின்ற தொழுநோயாளிச் சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் என்று பார்த்தால் தரையில் இரத்தம். விரலில் சதை கிழிந்து எலும்பு தெரிகிறது. பையனுக்கு அது தெரியவே இல்லை.

*

1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் பிராண்ட். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மருத்துவத்துக்கு முன் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சும் பழகினார். வீணாய்ப்போன காலம் என்று அன்று யாரும் சொல்லியிருக்கலாம்.

1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போன இடத்தில், விரல் மடங்கிப்போன ஒரு கைக்குள் தன் கையைக் கொடுத்தார். அது நொறுக்குவதுபோல் இறுக்கியது. செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த கை.

*

இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கிறேன். தோலுக்கடியில் தசை நெளிகிறது. விரலை இழுத்து மடக்கும் பெரிய தசைகள் இங்கேதான் இருக்கின்றன. விரலை நிதானமாக நிறுத்தும் சின்னத் தசைகள் உள்ளங்கையில். தொழுநோய் முழங்கைப் பக்கத்து நரம்பைக் கெடுத்தால் சின்னவை செயலிழக்கும். பெரியவற்றில் பல தப்பிவிடும். தடுக்க ஆளில்லாமல் அவை இழுக்க, விரல் சுருண்டுவிடுகிறது. பிராண்ட், தப்பிய தசையின் நாண் ஒன்றைப் பிரித்தெடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றினார். அரசாங்க மொழியில் சொன்னால் பணியிட மாற்றம். புதிய இடத்தில் வேலை பழகத் தசைக்கும் வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

உணர்ச்சியை மட்டும் எந்த ஊசியாலும் தைத்து வைக்க முடியவில்லை.

நோய் விரலை அழுக வைப்பதில்லை என்று அவர் காட்டினார். வலி தெரியாத கையை அடுப்பும் சாவியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. இரவில் எலி கடித்தும் விழிக்காத நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். ஓர் அறுவை மருத்துவர் தந்த மருந்துகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

*

அவரிடம் கை அறுவை கற்றவர்களில் மேரி வர்கீஸ் ஒருவர். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். பட்டங்கள், விருதுகள் உண்டு.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது வேலூரில் அவரிடம் வந்த ஒரு முறையீட்டை. கை நிமிர்ந்தவர்கள் திரும்பி வந்தார்கள். நல்ல கைக்குப் பிச்சை விழவில்லை. தொழுநோயாளிக்கு வேலை கொடுப்பாரும் இல்லை.

கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் அப்படித்தான் உருவானது. அங்கே மரப்பொம்மை செய்யக் கற்றார்கள். தச்சு சொல்லிக்கொடுத்தவர் பிராண்ட். வேலை முடிந்ததும் உளியை வைத்துவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்: எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கொப்புளம் என்று, கண்ணால்.